ஒன்றேகால் கிரவுண்டில் ஒரு துவாரகை

'மாயா பஜார்' படத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். டென்ட் கொட்டகையில் பார்த்த பெரியவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நடுவயதுக்காரர்கள் டிவியில் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளைக் கேட்டால், கடோத்கஜன் கல்யாண விருந்து மொத்தத்தையும் தனியாளாகத் தின்று தீர்க்கும் பாட்டை மட்டும் செல்போனில் பார்த்ததாகச் சொல்வார்கள். பரவாயில்லை, அதுவும் கணக்கில் சேர்த்தி.

அந்தப் படத்தில் கண்ணனுடைய துவாரகை நகரம் வருகிறது. அது எவ்வளவு பெரிய ஊர் என்று நினைக்கிறீர்கள்? 50 அடிக்கு 60 அடி. மொத்தம் 3,000 சதுர அடி, நம் மனைக் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டு. நம் பிளாக்கில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று படுக்கையறை வீடு இரண்டை எடுத்து, நடுச்சுவரை இடித்துவிட்டால் (தயவுசெய்து இடிக்காதீர்கள், செயலாளருக்குப் பதில் சொல்ல முடியாது) துவாரகை அதற்குள் அடங்கிவிடும். அந்த இடத்துக்குள் ஏறக்குறைய 300 சின்ன வீடுகளைக் கையாலேயே செய்து வைத்து, மின்விளக்கும் போட்டிருந்தார்கள் என்று படத்தைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. வகுத்துப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு 10 சதுர அடி. தெருவுக்கும் கோட்டைக்கும் இடம் விட்டால் அதுவும் கிடையாது. நம் வீட்டுப் பூஜை அலமாரி அகலத்துக்கு ஒரு யாதவ மாளிகை!

நவராத்திரி நெருங்குகிறது. பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கப்போகிற நேரம். பொம்மைக்காரத் தெரு என்று ஒரு தெருவையே வைத்திருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு இந்தக் கலையைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது என்று தோன்றியது. சினிமாக்காரர்கள் இதை 'மினியேச்சர்' என்பார்கள். சிறியதைச் செய்து, அதைப் பெரியது என்று நம்மை நம்பவைக்கும் வேலை.

'மாயா பஜார்' 1957-ல் வந்தது. தெலுங்கில் மார்ச் 27, தமிழில் ஏப்ரல் 12. இரண்டையும் சேர்த்தே எடுத்தார்கள். தயாரிப்பு நாகிரெட்டி, சக்கரபாணியின் விஜயா நிறுவனம். இயக்கம் கே.வி.ரெட்டி. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கலை இயக்கம் மாதவபெத்தி கோகலே, கலாதர். 1951-ல் 'பாதாள பைரவி' எடுத்தபோதும் இதே கூட்டணிதான். வடபழனியில் விஜயா-வாஹினி ஸ்டூடியோ அப்போது ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியிருந்தது. இப்போது அந்த வளாகத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய மால் இருக்கிறது. மாலுக்குப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியிருக்கிறோமே, அந்த மண்ணில்தான் ஒருகாலத்தில் பாதாளமும் துவாரகையும் எழும்பி நின்றன.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 'மாயா பஜார்' என்பதே கதைக்குள் வரும் ஒரு செட்தான். கௌரவர்களை ஏமாற்றுவதற்காகக் கடோத்கஜனும் அவன் ஆட்களும் ஒரே இரவில் கடைத்தெருவும் மாளிகையுமாக ஒரு பொய் நகரத்தை எழுப்புகிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதை நிஜம் என்று நம்பி உள்ளே வந்து உட்கார்ந்து அவதிப்படுகிறார்கள். மகாபாரதத்திலேயே மயன் கட்டிய சபையில் தரையைத் தண்ணீர் என்றும், தண்ணீரைத் தரை என்றும் நினைத்துத் துரியோதனன் அவமானப்பட்டான். நம் புராணத்தில் கட்டடக் கலைஞனுக்கு மயன் என்று பேர் வைத்தவர்களுக்கு, கட்டடமும் மயக்கமும் உறவுக்காரர்கள் என்று தெரிந்திருந்தது போலும்.

ஏன் சின்னதாகச் செய்ய வேண்டும்? முதல் காரணம் பணம். 'சந்திரலேகா' (1948) எடுத்த ஜெமினி வாசன் வேறு வழியில் போனார். பெரியது வேண்டுமென்றால் பெரியதாகவே செய்துவிடுவது. நூற்றுக்கணக்கானவர்கள் பெரிய பெரிய முரசுகளின் மேல் ஏறி ஆடும் நடனம் அப்படி வந்தது. படத்துக்கு 30 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து 30 லட்சம்! எல்லாராலும் வாசன் ஆக முடியாது. இரண்டாவது காரணம், சில காரியங்களைப் பணம் இருந்தாலும் நிஜ அளவில் செய்ய முடியாது. கடல் நகரத்தை விழுங்குவதையும், மலை பெயர்ந்து விழுவதையும், அரக்கன் கோட்டையைத் தூக்குவதையும் நிஜ அளவில் எங்கே போய் எடுப்பது? புராணப் படங்களே பிழைப்பாக இருந்த ஒரு தொழிலில் இவை இல்லாமல் ஒரு ரீல் நகராது. பம்பாயில் பாபுபாய் மிஸ்திரி, கோடம்பாக்கத்தில் 'சீதாராம கல்யாணம்' (1961) எடுத்த ரவிகாந்த் நாகாய்ச் என்று தந்திரக் காட்சிக்கென்றே பேர் வாங்கிய ஒளிப்பதிவாளர்கள் இதனால்தான் உருவானார்கள்.

சினிமா பிறந்த மூன்றே வருடத்தில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் கியூபா பக்கம் கடற்போர் நடந்தது. ஸ்மித், பிளாக்டன் என்ற இரண்டு இளைஞர்களிடம் போர்க்காட்சி இல்லை. ஆனால் காட்டினால் காசு வரும். போர்க்கப்பல் புகைப்படங்களை வாங்கி, கத்தரித்து, சின்ன மரத்துண்டுகளில் ஒட்டி, ஓர் அங்குலத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். குண்டு வெடிப்பதற்குச் சிட்டிகை வெடிமருந்து. போர்முனைப் புகைக்கு? பிளாக்டனின் மனைவி சிகரெட் புகையை ஊதினார். ஆபீஸ் பையன் சுருட்டு ஊதினான். ஸ்மித் வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம், சினிமாக்காரர் அல்லவா! பார்த்த ஜனங்கள் அதை நிஜப் போர் என்றே நம்பினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பொய் வீடியோவைப் பார்த்து நம் குழுவில் சண்டை போடுகிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இது.

1925-ல் வந்த 'பென்-ஹர்' மௌனப் படத்துக்கு ஒரு மைதானம் கட்டினார்கள், ரதப் பந்தயத்துக்காக. கீழ்ப்பகுதி மட்டும்தான் நிஜ அளவு. மேலடுக்குகளைச் சின்னதாகச் செய்து, கேமராவுக்குப் பக்கத்திலேயே அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தொங்கும் பொம்மை அடுக்கும் தொலைவில் இருக்கும் நிஜ அடுக்கும் விளிம்போடு விளிம்பு பொருந்திவிடும். அந்தத் தொங்கும் அடுக்கில் ஆயிரக்கணக்கில் குட்டிப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. கீழே நிஜ மனிதர்கள் எழுந்து ஆரவாரம் செய்யும்போது அவையும் எழுந்து கையாட்டும்படி அமைத்திருந்தார்கள். கொலுப்படி எழுந்து நின்று கைதட்டியது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜப்பானில் 1954-ல் 'காட்ஸில்லா' வந்தபோது சுபுராயா என்ற கலைஞர் டோக்கியோ நகரத்தைப் பெரும்பாலும் 1/25 அளவில் கட்டி, ரப்பர் உடை போட்ட ஆளை அதன் நடுவே நடக்கவிட்டார். நம் கே.வி.ரெட்டியின் துவாரகை இதற்கு மூன்று வருடம் இளையது.

இனி, இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

எல்லாம் விகிதத்தில் இருக்கிறது. 2019-ஐ நாம் யாரும் மறக்க மாட்டோம். 48 நாள் நம் தெருக்களில் நாமே நடக்க முடியாமல் இருந்தோம். அத்தி வரதர் திருமேனி 9 அடி என்பார்கள். அதற்குப் பிறகு பொம்மைக்காரத் தெருவில் சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்தி வரதர் பொம்மைகள் வந்தன. ஒருவர் அதை 9 அங்குலத்தில் செய்கிறார் என்று வையுங்கள். விகிதம் 1/12. அடிக்கு ஓர் அங்குலம். நம் ஊருக்கு இது புதிதல்ல. பட்டுச் சேலையின் டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒரு கட்டத்துக்கு இத்தனை இழை என்று கணக்குப் பார்த்துத் தறிக்கு ஏற்றுகிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் கொலுப் பொம்மைக்கும் சினிமா மாடலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கருட சேவை செட்டை எடுத்துப் பாருங்கள். பெருமாளும் கருடனும் பெரியவர்கள். தூக்கிவரும் ஸ்ரீபாதந்தாங்கிகள் சிறியவர்கள். குடை பிடிப்பவர் இன்னும் சிறியவர். யார் முக்கியமோ அவர் பெரியவர். அதில் தப்பே கிடையாது, பக்தியின் அளவுகோல் அப்படித்தான். தசாவதாரத்துக்குப் பக்கத்துப் படியில் கிரிக்கெட் செட் உட்கார்ந்தாலும் நாம் ஒன்றும் சொல்வதில்லை. கேமரா இந்தச் சலுகை தராது. 1/12 என்றால் எல்லாமே 1/12. வீட்டுக் கதவில் ஓர் அங்குலம் கனமுள்ள பலகை மாடலில் இரண்டு மில்லிமீட்டர். அதை நான்கு மில்லிமீட்டரில் செய்துவிட்டால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் 'பொம்மை வீடு' என்று மனசு சொல்லிவிடும். ஜன்னல் சட்டம், ஓட்டின் விளிம்பு, படிக்கட்டின் முனை, இவற்றின் கனம்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

துணி அதைவிட மோசம். பட்டுத் துண்டை வெட்டிப் பொம்மைக்குக் கட்டிப் பார்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆள் உடம்பில் வழிந்து விழும் சேலை பொம்மை மேல் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஜரிகைக் கரை என்றால் கேட்கவே வேண்டாம். பொம்மையைச் சின்னதாக்கிவிடலாம், நூலைச் சின்னதாக்க முடியாது. அதனால்தான் மாடல் கோட்டையின் மேல் பறக்கும் கொடிக்குத் துணியை விட மெல்லிய தாளையோ வேறு எதையாவதோ தேட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. 64 அடி உயரக் கோபுரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து ஒரு கலசம் கழன்று விழுகிறது. தரைக்கு வர 2 விநாடி ஆகும். அதே கோபுரத்தை 1/16 அளவில், 4 அடியில் செய்கிறோம். அதன் கலசம் தரைக்கு வர எவ்வளவு நேரம்? அரை விநாடி. உயரம் 16 பங்கு குறைந்தால் நேரம் 4 பங்குதான் குறைகிறது (16-ன் வர்க்கமூலம் 4, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரிபார்க்கலாம்). அப்படியே படம் எடுத்தால் கோபுரம் சரிவதற்குப் பதில் சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி இருக்கும். அதனால் கேமராவை 4 மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். விநாடிக்கு 24 படம் எடுக்கும் இடத்தில் 96. அதைத் தியேட்டரில் வழக்கமான 24-ல் ஓட்டினால், அரை விநாடி 2 விநாடியாக நீண்டு, கலசத்துக்குக் கனம் வந்துவிடும். 1/25 மாடல் என்றால் 5 மடங்கு, 120 படம். நாம் 'ஸ்லோ மோஷன்' என்று சொல்வது இங்கே அழகுக்கு இல்லை, எடைக்கு.

வேகமாக ஓட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். போதாக்குறைக்கு, கேமரா மாடலை நெருங்கி நிற்பதால், முன் வீடும் பின் கோட்டையும் சேர்ந்து தெளிவாகத் தெரிய லென்ஸின் வாயைச் சுருக்க வேண்டும். அதிலும் வெளிச்சம் போகும். ஈடுகட்ட விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் கொதிக்கும் வெப்பம். மெழுகும் பசையும் இளகும், வர்ணம் உரியும். ஓடாத, விழாத நகரம் என்றால் இந்த வேகத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு தொல்லை. தொலைவில் இருக்கும் கட்டடம் காற்றிலுள்ள தூசியாலும் ஈரத்தாலும் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். நம் மொட்டை மாடியிலிருந்து ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பாருங்கள், பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி அளவு துல்லியமாக இருக்காது. 60 அடிக்குள் அந்தத் தொலைவுக் காற்று எங்கிருந்து வரும்? மெல்லிய புகை போட்டோ, பின்வரிசை வீடுகளுக்கு வெளிறிய வர்ணம் அடித்தோ அதை உண்டாக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குள் நிலா வெளிச்சத்தை உண்டாக்கிக் காட்டியதற்காக இன்றும் பேசப்படும் மார்கஸ் பார்ட்லி மாதிரி ஆள் இதற்குத்தான் வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளை என்பதும் ஒத்தாசை. சாம்பல் நிறத்தில் பாதி குற்றம் மறைந்துவிடும்.

இரண்டு பொருள்கள் மட்டும் யாருக்கும் அடங்கவில்லை: தண்ணீரும் நெருப்பும். தண்ணீர்த் துளி மாடலுக்குத் தக்கபடி சிறுக்காது. 1/20 கப்பலின் மேல் தெறிக்கும் துளி, அந்தக் கப்பலில் இருப்பவனுக்குத் தேங்காய் அளவு. பழைய படங்களில் புயலில் சிக்கிய கப்பலைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள்கூட 'பொம்மைக் கப்பல்' என்று கண்டுபிடிப்பது இதனால்தான். தீ நாக்கும் அப்படியே. முடிந்தவரை மாடலைப் பெரியதாகச் செய்வது ஒன்றே வழி. 'டைட்டானிக்' (1997) படத்துக்குக் கப்பலை 1/20 அளவில் செய்தபோது அந்தப் 'பொம்மை'யின் நீளமே 44 அடிக்கு மேல். அப்படியும் அதைச் சுற்றி ஓடும் கடலைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கைலாசநாதர் கோயிலுக்கு ஒருநாள் மாலை போங்கள். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. திருச்சுற்று முழுவதும் 58 சின்னச் சன்னதிகள். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோயிலின் சுருக்கம். விமானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் குட்டிக் கட்டடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மூலையில் சதுரமாக இருப்பது கூடம், நடுவில் வண்டிக்கூண்டு மாதிரி நீண்டிருப்பது சாலை, இடையில் பஞ்சரம். கட்டடத்தின் மேல் கட்டடங்களின் மாடல்களை அடுக்கிக்கொண்டு போவதுதான் நம் விமானக் கலை. மேலே போகப் போக அவை சிறுத்துக்கொண்டே போவதால், கீழே நிற்பவனுக்கு விமானம் இருப்பதை விட உயரமாகத் தெரிகிறது. சினிமாவில் பின்வரிசை வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கித் தெருவை நீளமாகக் காட்டுவார்கள். சிற்பி அதையே படுக்கவைக்காமல் நிமிர்த்திவைத்திருக்கிறான் என்பது என் எண்ணம். ஸ்தபதிகள் யாராவது மறுத்தால் அடுத்த இதழில் இடம் தருகிறோம்.

பொம்மைக்காரத் தெருவுக்கு வருவோம். காகிதக் கூழைப் பசையோடு பிசைந்து, அச்சில் முன்பாதி பின்பாதியாக அமுக்கி எடுத்து, ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, தேய்த்து, வர்ணம் ஏற்றி, கடைசியில் கண் திறக்கிறார்கள். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் உலராமல் தவிப்பார்கள். சினிமா மாடல் வேலையும் ஏறக்குறைய இதே வரிசைதான். களிமண்ணில் உருவம், அதன் மேல் அச்சு, அச்சிலிருந்து வார்ப்பு, ஒட்டு, தேய்ப்பு, வர்ணம். 300 வீடு என்றால் 300 விதமாகச் செய்ய மாட்டார்கள். நாலைந்து அச்சை வைத்துக்கொண்டு, ஒன்றைத் திருப்பி, ஒன்றுக்கு மாடம் கூட்டி, ஒன்றுக்கு வாசல் மாற்றி ஊரை நிரப்புவதுதான் எந்த ஊரிலும் இந்தத் தொழிலின் வழக்கம். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தவர்கள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பீரங்கி, விமானப் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் உதிரிகளை விண்கலத்தின் மேல் ஒட்டினார்கள். அவர்களுக்குப் பெட்டியில் வந்தது, நம் ஆட்களுக்கு அச்சில் வந்தது.

இந்த வேலை எப்போது ஓய்ந்தது என்றால், 1993 என்று ஒரு வருடத்தைச் சொல்லலாம். 'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசர் பொம்மைகளைப் படம் படமாக நகர்த்தி எடுப்பதாகத்தான் முதலில் திட்டம். அதற்கென்று பில் டிப்பெட் என்ற கைதேர்ந்த கலைஞரை அமர்த்தியிருந்தார்கள். நடுவில் கம்ப்யூட்டரில் வரைந்த டைனோசர் ஒன்று ஓடுவதைப் பார்த்ததும் திட்டம் மாறிவிட்டது. ஆனால் டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. விலங்கு எப்படி நடக்கும், எப்படித் திரும்பும், எங்கே தயங்கும் என்று கம்ப்யூட்டர் பையன்களுக்குச் சொல்லித்தர அவர் தேவைப்பட்டார். இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். கருவி போனது, கை அறிந்தது போகவில்லை. அதற்குப் பிறகும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு மினாஸ் தீரித் என்ற மலைநகரத்தை 1/72 அளவில் கையாலேயே கட்டினார்கள். 2019-ல் 'மண்டலோரியன்' தொடருக்கும் ஒரு விண்கல மாடலைச் செய்தார்கள். அங்கே பழைய மாடல்கள் கண்காட்சிகளில் இருக்கின்றன. செய்தவர் பேரும் இருக்கிறது. ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன.

நம் துவாரகை? ஸ்டூடியோ தளம் வாடகைக் கணக்கில் ஓடுவது. படப்பிடிப்பு முடிந்த செட்டைக் கலைத்துவிட்டு அடுத்த படத்துக்கு இடம் கொடுப்பதுதான் முறை. பலகை அடுத்த செட்டுக்குப் போகும், பிளாஸ்டர் குப்பைக்குப் போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருமணப் பந்தலை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கலை இயக்குநர்கள் பேர் திரையில் வந்தது. ஒளிப்பதிவாளர் பேர் வந்தது. அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பிரிவுகளில் தச்சர், பெயின்டர், லைட்மேன் என்று ஏறக்குறைய 400 பேர் வேலை செய்ததாகச் சொல்கிறார்கள். அந்த 300 வீடுகளுக்கு ஓடு வேய்ந்தவர் யார்? ஜன்னல் கம்பியின் கனத்தைக் கணக்குப் பண்ணியவர் யார்? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விளக்குக்கு வயர் இழுத்தவர் யார்? இந்தத் தொழிலில் நன்றாகச் செய்தவனின் வேலை கண்ணிலேயே படாது. 'அட, மாடலா அது?' என்று ஒருவரும் கேட்கவில்லை என்றால்தான் அவன் ஜெயித்தான். பாட்டுக்காரருக்குக் கைதட்டு உண்டு, இவனுக்குக் கைதட்டு விழுந்தால் வேலை கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். அதனால் பேரும் சேர்ந்தே மறைந்துவிட்டது.

மெட்ராஸ் இங்கிருந்து முக்கால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 1950-களிலும் 60-களிலும் காஞ்சிபுரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி அந்தப் பக்கம் போனவர்களுக்குக் குறைவில்லை. நம் குடியிருப்பில் 140 குடும்பங்கள் இருக்கின்றன. யாருடைய தாத்தாவோ பெரியப்பாவோ ஸ்டூடியோவில் தச்சு வேலை, பெயின்டிங், அச்சு வார்ப்பு என்று இருந்திருந்தால், 'சினிமாவில் வேலை செய்தார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் கொஞ்சம் கேட்டு எழுதிக் கொடுங்கள். எந்த ஸ்டூடியோ, என்ன வேலை, யாரிடம் கற்றார், தினக்கூலியா மாதச் சம்பளமா. ஒரு பழைய அடையாள அட்டை, ஒரு குரூப் போட்டோ இருந்தாலும் போதும். அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுத்தால் ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தந்துவிடுவோம். பொம்மைக்காரத் தெருவில் வாங்கும்போதும் பேரம் பேசி முடித்த கையோடு, இந்த அச்சை யார் செய்தது என்று கேட்டுப் பாருங்கள். வர்ணம் வருடா வருடம் புதிது; அச்சு யாரோ ஒரு முன்னோருடையதாக இருக்கலாம். அச்சு உடைந்தால் அந்த முகம் அதோடு போயிற்று.

கொலு வைப்பவர்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லி முடிக்கிறேன். 'பென்-ஹர்' தொங்கும் மாடலின் எளிய வடிவம். ஓரடி உயரக் கோபுரப் பொம்மை ஒன்றையும் 3 அடி உயர மேசை ஒன்றையும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். பொம்மையை மேசையின் தூர விளிம்பில் வையுங்கள். அதிலிருந்து 2 அடி தள்ளி, செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மேசைப் பரப்புக்கு 2 அங்குலம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு குழந்தையை 40 அடி தள்ளிப் போய், திரையில் கோபுரத்துக்குப் பக்கத்தில் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். குழந்தையின் பாதம் மேசை விளிம்பில் வந்து ஒட்டும்வரை போனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். தூரம் 20 மடங்கு என்பதால் ஓரடிக் கோபுரம் 20 அடிக் கோபுரமாக நிற்கும், குழந்தை அதன் வாசலில் சாமி கும்பிட வந்த மாதிரி இருக்கும். பொம்மை மேலும் குழந்தை மேலும் வெயில் ஒரே பக்கமாக விழ வேண்டும். இரண்டுமே தெளிவாகத் தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும். காலை 9 மணி வாக்கில் சரியாக இருக்கும். பின்னால் ஏ பிளாக் டிஷ் ஆன்டெனா தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். போடும்போது பொம்மையை எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.